பாதைக்காரரின் வில்

என்னுடைய எடை என் கணவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை, கேட்கும் துணிவு அவருக்கும் வந்ததில்லை. ஆனால் எங்கள் துறையில் பாதை ஓட்டியவருக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய கணக்கில் நான் இரண்டு சைக்கிள்கள். மழைக்காலத்தில் நனைந்த சேலையோடு வந்தால் இரண்டு சைக்கிள்களும் ஒரு உரப்பையும்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. அகலமான இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் கம்பிவேலி, ஓரத்தில் சேர்த்துக் கட்டிய எஞ்சின் படகு, அவ்வளவுதான். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. நாங்கள் அங்கே குடியிருக்கிறோம். விழுகிற பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் அங்கே. வெல்லாவெளி போகும் வழியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நெடுங்காலம் படிப்பித்தேன். காலையில் ஸ்கூட்டியோடு பாதையில் ஏறுவேன், பின்னேரம் ஸ்கூட்டியோடு திரும்புவேன். ஏறிய கையோடு அவர் என்னைப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார்.

"டீச்சர், நீங்க இஞ்சால நில்லுங்க."

எங்கே ஆள் குறைவோ அங்கே நான். புதிதாக வந்த ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஒருநாள் நேரே கேட்டும் விட்டேன், நான் என்ன மூட்டையா என்று. அவர் முகம் மாறாமல், மூட்டை என்றால் சொன்ன இடத்தில் கிடக்கும், டீச்சர் அப்படிக் கிடக்கிறீர்களா, அடிக்கடி தண்ணீர் பார்க்கப் போய்விடுகிறீர்களே என்றார். அதற்குப் பிறகு நான் அசையாமல் நிற்கப் பழகினேன்.

அவர் யாரையும் அதட்டியதில்லை. இரண்டு பக்கமும் சரியாகும்வரை எஞ்சினைக் கிளப்பமாட்டார், அதுதான் அவருடைய அதட்டல். ஒருமுறை குருக்கள்மடத்திலிருந்து ஒரு கலியாணக் கூட்டம் வந்து, படம் பிடிக்க வசதி என்று எல்லாரும் ஒரே பக்கம் குவிந்து நின்றார்கள். அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கால் நகம் வெட்டத் தொடங்கினார். மாப்பிள்ளை ஒரு பக்கமும் தோழன் மறுபக்கமும் பிரிந்து நின்ற பிறகுதான் பாதை நகர்ந்தது. முகூர்த்தம் தப்பிப்போகும் என்று பெரியவர்கள் கத்தியது அவருடைய காதில் ஏறவில்லை. அவருடைய காலத்தில் பாதை ஒருநாளும் சரிந்ததில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மற்றவர்கள் ஓட்டிய நாட்களிலும் அது சரிந்ததில்லை என்பதை நான்தான் கவனித்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மனிதருக்கு வில் செய்கிற கிறுக்குப் பிடித்தது வேலையின் கடைசி வருடங்களில். இளைய மருமகன் கொடுத்த பழைய போன் ஒன்று அவரிடம் இருந்தது. பாதை கரையில் நிற்கும் நேரங்களில் அதில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருநாள் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் காட்டில் இருந்து மரம் பிளந்து வில் செய்கிற படம் அகப்பட்டது. எங்கள் சனத்துக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்? கூத்தில் மினுக்குத்தாள் ஒட்டிய வில்லைக் கண்டிருக்கிறோம். வாகரைப் பக்கத்துக் காடுகளில் வில்லோடு திரிந்தவர்கள் முன்பு இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனாலும் அந்தப் படத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, கேட்டாலும் விளங்காது. கையை மட்டும் பார்த்தார்.

கமுகுதான் அவர் பிடித்த மரம். முற்றிய கமுகைத் தறித்து, ஆப்பு இறுக்கி நீளவாட்டில் பிளப்பார். உள்ளே இருக்கும் சோற்றை வழித்து எறிந்துவிட்டால் வெளிப்புறத்தில் கறுத்த நாரோடு ஒரு தடிப்பு மிஞ்சும், வில்லுக்கு அதுதான் உதவும். அதை அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் மாதக்கணக்காகப் போட்டு வைப்பார். காய்ந்த பிறகு நடுவில் பிடிக்கிற இடத்தைத் தடிப்பாக விட்டு, அதற்கு இருபுறமும் நீளும் வில்லின் இரண்டு கைகளையும் நுனி நோக்கி மெலியச் செதுக்குவார். வெளித்தோல் வில்லின் முதுகு. அதில் கத்தி படக்கூடாது, பட்டால் வளைக்கும்போது அந்த இடத்தில் நார் கிளம்பி முறியும். செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம். கத்தியும் உளியும் முடிந்த பிறகு உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டுவார். மாவு போல் தூள் பறக்கும். வலைக்குப் போடுகிற நைலோன் நூலை முறுக்கி நாண் செய்தார். எல்லாம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகு. வில்லை மதிலில் இரண்டு ஆணிகளுக்கு மேல் படுக்கவைத்து, நாணில் ஒரு கயிற்றைக் கட்டி, கீழே கப்பி ஒன்றில் கோத்து, தூரத்தில் நின்று இழுப்பார். மதிலில் கரியால் கோடுகள் போட்டிருப்பார். இழுக்க இழுக்க இரண்டு கையும் ஒரே அளவாக இறங்குகிறதா என்று கோட்டை வைத்துப் பார்ப்பார். இடப்பக்கம் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தால் அதை இறக்கிச் சுரண்டுவார். மறுபடி ஏற்றினால் இப்போது வலப்பக்கம் விறைப்பாகத் தெரியும். அதைச் சுரண்டுவார். மறுபடி இடப்பக்கம். ஒரு கை மெலிய மறுகையையும் மெலிக்க வேண்டும். இரண்டும் மெலிந்துகொண்டே போகும், பலமும் கூடவே போகும். முதல் வில் முறிந்தது. இரண்டாவது முறியவில்லை, ஆனால் அம்பு வேலியைத் தாண்டவில்லை. அடுத்தது வேலிவரைக்கும் போகவில்லை.

அந்த வில்லொன்றைப் பாதையிலேயே வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்த நாளில் ஒரு பொலிஸ்காரர் ஏறினார். வெளி மாவட்டத்துப் பொடியன், மீசை சரியாக முளைக்கவில்லை. துவக்குச் சூடெல்லாம் ஓய்ந்த நாட்டில் ஒரு தமிழன் வில் செய்கிறான் என்பது அவருக்குப் பெரிய விசயமாகப் பட்டிருக்க வேண்டும். இது எதற்கு என்று கேட்டார். எனக்கு அரைகுறைச் சிங்களம் தெரியும், அதனால் நான்தான் மொழிபெயர்ப்பு. ஒன்றுக்குமில்லை என்று பாதைக்காரர் சொன்னதை நான் பொழுதுபோக்கு என்று மாற்றிச் சொன்னேன். பொலிஸ்காரர் வில்லை வாங்கி, ஒரு ஈர்க்கு அம்பை ஏற்றி, வாவிப் பக்கம் திரும்பி எய்தார். அம்பு பாதையின் விளிம்பைத் தாண்டியதும் தண்ணீரில் விழுந்தது. தட்டில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், பொலிஸ்காரரும் சிரித்தார். பாதைக்காரர் மட்டும் சிரிக்காமல் என் காதருகே வந்தார்.

"வளைக்கக்குள்ள எந்தப் பக்கம் இறுக்கமா இருந்தது எண்டு கேளுங்க டீச்சர்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள்.

அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை, அதாவது இரண்டு சந்து, தள்ளி. அவருடைய வீடு என்று சொல்வதும் பிழை, அது அவருடைய மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்குப் போகும்; ஆண் போய் மனைவி வீட்டில் இருப்பான். மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் தாயும் தகப்பனும் அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் ஓரத்தில் கொட்டில் போட்டு இறங்குவார்கள். பிறகு அடுத்தவளுக்கு வீடு கட்டுவார்கள். கடைசி மகளோடு தாய் தகப்பன் இருந்துவிடுவார்கள். இதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், யாருக்காவது ஒரு மாமரம் கூடப் போகும். எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

பாதைக்காரருக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்குத் தாயின் பழைய வீட்டை எழுதினார். அது ஓட்டு வீடு, தடித்த சுவர். இளையவளுக்கு அதே வளவில் புது வீடு கட்டினார். அதற்குத் தகரக் கூரை. அப்படியென்றால் இளையவளுக்குக் குறை அல்லவா? படுவான்கரையில் இருந்த வயலில் ஒரு துண்டை விற்று ஓடு போட்டார். புது வீட்டுக்கு மாபிள் பதித்ததும் மூத்தவளின் சீமெந்து நிலம் பழசாகத் தெரிந்தது. வயலில் இன்னொரு துண்டு போனது. கிணறு மூத்தவளின் பங்கில் விழுந்தது என்று, நடுக்கிணற்றுக்கு மேலால் மதிலைக் கட்டி இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி போட்டார். தென்னைகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று ஒற்றையாக நின்றது, அதைத் தறித்துவிட்டார். நல்ல காய்ப்பில் நின்ற மரம். நான் அந்த வழியால் வந்தபோது குரும்பட்டிகள் முற்றமெல்லாம் சிதறிக் கிடந்தன.

மகள்கள் கேட்டார்களா என்றால், தொடக்கத்தில் கேட்கவே இல்லை. இரண்டு பேரும் என்னிடம் படித்த பிள்ளைகள்தான், ஒரு குடைக்குள் வந்து ஒரு குடைக்குள் போனவர்கள். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். ஒருநாள் கிணற்றடியில் வைத்து அவர் எனக்கு ஒரு கதை சொன்னார். சின்ன வயதில் மூத்தவள் தனக்குக் கிடைத்த மாம்பழத்தைத் தங்கச்சிக்கு முழுதாகக் கொடுத்துவிட்டாளாம். தங்கச்சி வாயில் வைக்கப் போன நேரம் தகப்பன் அதைப் பறித்து, கத்தி எடுத்து இரண்டாக வெட்டி, இரண்டு கையிலும் கொடுத்தாராம். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் அழுதார்களாம்.

"நான் ரெண்டு பேரையும் ஒரு பாயில போட்டு வளத்தன் புள்ள. இவர்தான் பாய ரெண்டாக்கினவர்."

அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் இருக்கவில்லை. அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. அவருக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது, அதை அன்றைக்கும் சொன்னார், பிறகும் பலமுறை சொன்னார். அவர் அந்தப் பழைய வீட்டில் பிறந்தவர், அதில்தான் இரண்டு பிள்ளைகளையும் பெற்றார். செத்தால் அந்த வீட்டு வாசலால் தன்னைத் தூக்கினால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பாதைக்காரர் ஓம் என்று தலையாட்டுவார்.

மகள்கள் பேச்சை விட்டது அந்த மதிலால்தான். மதிலுக்கும் தடிப்பு உண்டு அல்லவா, அந்தத் தடிப்பு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று மூத்த மருமகன் கேட்டுவிட்டார். ஒரு சாண் நிலம். கேட்டவர் பகிடியாகக் கேட்டாரோ என்னவோ, பாதைக்காரர் அன்றிரவு உறங்கவில்லை. மதிலை இடித்து, நூல் பிடித்து, தடிப்பின் சரிபாதி இந்தப் பக்கமும் சரிபாதி அந்தப் பக்கமும் வரும்படி மறுபடி கட்டினார். இடித்ததால் மூத்தவளின் பூங்கன்று மிதிபட்டது, கட்டியதால் இளையவளின் குளியலறைத் தட்டி விழுந்தது. அதோடு அக்காள் தங்கச்சி ஒருவரை ஒருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். அளந்து அளந்து கொடுத்தால் வாங்குகிறவர்களும் அளக்கத்தானே பழகுவார்கள்.

அவரும் அக்காவும் யாரோடும் நிலையாக இருக்கவில்லை. ஒரு மாதம் மூத்தவளின் வீடு, ஒரு மாதம் இளையவளின் வீடு. மதிலில் வாசல் இல்லை, ஒரு வீட்டுப் படலைக் கதவால் வெளியே வந்து ஒழுங்கையால் நடந்து அடுத்த படலையால் உள்ளே போக வேண்டும். மாதம் முடிகிற அன்று இரண்டு பேரும் உடுப்புப் பையோடு போவதை நான் கண்டிருக்கிறேன். அவருடைய கையில் பையோடு வில்லும் இருக்கும். மதிலின் இரண்டு முகத்திலும் ஆணி அடித்து வைத்திருந்தார், இரண்டு முகத்திலும் கரிக்கோடு. எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுப் பக்கமாக வில்லை ஏற்றிப் பார்ப்பார்.

அப்படி ஒரு பின்னேரம் நான் போயிருந்தபோது போனை நீட்டி, இந்தத் தாடிக்காரன் கடைசியில் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சுரண்டுகிற கண்ணாடித் துண்டைக் கீழே வைக்கிறானே, என்ன சொல்கிறான் என்று கேட்டார். எவ்வளவு காலமாகப் பார்க்கிறார், அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. நான் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு கை எப்போதும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள், இனிமேல் சுரண்டினால் வில் செத்துப்போகும் என்று அவன் சொன்னான். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம்கூட. இதைக் கேட்டாவது இந்த மனிதர் கையை நிறுத்துவார் என்று நினைத்தேன்.

அவர் வில்லை மடியில் வைத்துக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு ரெண்டு பொம்புளப் புள்ள இருக்காது டீச்சர்" என்றார். பிறகு கண்ணாடித் துண்டை எடுத்தார்.

அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது இளையவளின் வீட்டில் இருந்த மாதத்தில். இடப்பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணியது, பேச்சுப் போனது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். பாதைக்காரர் பக்கத்திலிருந்து எண்ணெய் பூசி உருவிவிடுவார். விழுந்த கையை உருவிய அதே நேரம் நல்ல கையையும் உருவுவார். அதற்கு ஒன்றுமில்லையே அண்ணன், இந்தக் கைக்கு இன்னும் கொஞ்சம் உருவுங்கள் என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. யாராவது விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இளையவள் அம்மாவை அசைக்க வேண்டாம், நான் பார்க்கிறேன் என்றாள். மூத்தவள் ஒழுங்கையில் நின்று, அம்மாவுக்குத் தான் பிறந்த வீட்டில் கிடக்கத்தான் ஆசை, என்னிடம் தாருங்கள் என்றாள். இரண்டு பேருக்கும் தாயில் உயிர். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கமுடியாமல் இருக்கிறது. ஒருத்தி கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையை எனக்குச் சொல்வது சுலபம். பாதைக்காரர் அக்காவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, விழாமல் சீலையால் கட்டி, மருமகன்மார் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்க, ஒழுங்கையால் கொண்டுபோனார். அடுத்த மாதம் அதே கதிரையில் திரும்பக் கொண்டுவந்தார். ஒழுங்கைச் சனம் படலைகளில் நின்று பார்க்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

அக்கா இறந்ததும் இளையவளின் வீட்டில்தான். நான் போனபோது மூத்தவள் வந்திருக்கவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அழுகை கேட்டது. பிறகு தன் படலையடியில் வந்து நின்று, அம்மா ஆசைப்பட்ட வாசல் இங்கே இருக்கிறது, அம்மாவை இங்கே கொண்டு வாருங்கள் என்றாள். என் பாயில் சீவன் விட்ட தாயை எப்படி வெளியே விடுவேன் என்று இளையவள் பெட்டியைக் கட்டிப்பிடித்தாள். இரண்டும் நியாயம்தான். எல்லாரும் பாதைக்காரரைப் பார்த்தோம். ஒரு சொல் போதும். மூத்தவளின் வீடு என்று சொன்னால் இளையவள் அழுவாள், பிறகு ஆறுவாள். ஊரே அவரோடு நின்றிருக்கும்.

அவர் எழுந்து வந்து, பந்தல் போட வந்த ஆட்களிடம் ஒழுங்கையில் போடுங்கள் என்றார்.

அவர்களுக்கு விளங்கவில்லை. அவர் கையால் காட்டினார், இந்தப் படலைக்கும் அந்தப் படலைக்கும் நடுவில், பொது மண்ணில். நான் கிட்டப் போனேன்.

"அண்ணன், அக்கா ஒண்டே ஒண்டுதானே கேட்டவ."

"தெரியும் டீச்சர். மறுகா மத்தவள் என்ன நினைப்பாள்?"

நான் அவரை வெறுத்த நாள் அது. வாவியில் எத்தனையோ வருடம் என்னைப் பத்திரமாகக் கரை சேர்த்த மனிதர், முகத்தில் ஒரு அசைவில்லாமல் நின்று, ஒழுங்கையின் அகலத்தைக் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு இல்லாத பெண் கிடையாது. ஆண் இல்லாமல் இருப்பாள், காணி இல்லாமல் இருப்பாள், ஒரு குடிசையாவது அவளுடைய பெயரில் இருக்கும், அதன் வாசலால் அவளைத் தூக்குவார்கள். தன் சீதன வீட்டைக் கொடுத்து, பக்கத்தில் இன்னொரு வீடு கட்ட வளவும் கொடுத்த அக்காவை, ஆற்றில் கரையொதுங்கிய அநாதைப் பிணத்தைப் போலத் தெருவிலிருந்து தூக்கினார்கள். ஒழுங்கை ஒடுக்கம். பெட்டியின் ஒரு பக்கம் மூத்தவள், மறுபக்கம் இளையவள். மீன் விற்க வந்த ஒரு ஆட்டோக்காரர் போக வழியில்லாமல் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

முப்பத்தோராம் நாள் முடிந்து ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதை வேலையும் அப்போது முடிந்திருந்தது. கையில் அந்தக் கமுகு வில். கருகருவென்று நன்றாக மினுங்கியது.

"முடிஞ்சிட்டுது டீச்சர். வெச்சிருங்க."

எனக்கு எதற்கு என்று கேட்டேன். மகள்களுக்கு இரண்டு வேண்டும், இருப்பது ஒன்று, அதனால் வெளியே கொடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். இழுத்துப் பார்க்கச் சொன்னார். நான் நாணில் ஒரு விரலைப் போட்டேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. இரண்டு கையும் ஒன்றுபோல வளைந்தன, மூன்றாம் பிறை கவிழ்ந்தது மாதிரி, எந்தப் பக்கமும் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. ஈர்க்கை வைத்து எய்தேன். அது என் காலடியில் விழுந்தது. அவர் அம்பைப் பார்க்கவே இல்லை, வில்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் சரி."

தேத்தண்ணீர் கொடுத்தேன். அண்ணன் இந்த மாதம் எந்த வீட்டில் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுதான் ஒண்டும் விளங்குதில்ல. மூத்தவள் இது தங்கச்சிட மாசம் எண்டுறாள். சின்னவள் இது அக்காட மாசம் எண்டுறாள்."

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களையும் செத்த வீட்டு நாட்களையும் யாருடைய கணக்கில் போடுவது என்பதுதான் பிரச்சினை. இரண்டு பேரும் சொன்னதில் பொய் இல்லை என்று அவரே சொன்னார். யார் சொல்வதைக் கேட்டாலும் மற்றவளுக்குக் குறை வரும். அதனால் அவர் யாரிடமும் போகவில்லை. பகலில் துறையடியில் இருப்பார், சாப்பாட்டுக்கு ஒருநாள் ஒரு படலையில் நிற்பார், மறுநாள் மற்றப் படலையில். பொழுதுபட்டால் மதில் முடிகிற இடத்தில் ஒழுங்கைப் பக்கமாக ஒரு தகரத்தைச் சாய்த்து, அதற்குக் கீழே படுத்தார். எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து படுங்கள் என்று என் கணவரும் சொன்னார், நானும் சொன்னேன். மகள்களுக்கு அது அவமானமாகப் போகும் என்றார். சொல்லிச் சொல்லிப் பார்த்து நான் கைவிட்டேன். அந்த மனிதரை அவரிடமிருந்து காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

போன மாரியில் காய்ச்சல் வந்து அந்தத் தகரத்துக்குக் கீழேயே போய்விட்டார். காலையில் பாண் வாங்கப் போன ஒரு பெண் கண்டிருக்கிறாள்.

நான் போனபோது சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஒரு சத்தமும் இல்லை. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பந்தல் ஒழுங்கையில் போட்டாயிற்று, தூண்கள் நாலில் இரண்டு மூத்தவளின் வேலியோரம், இரண்டு இளையவளின் வேலியோரம். கதிரைகள் பாதிப் பாதி. இரண்டு படலையிலும் ஒரே அளவில் வெள்ளைக்கொடி. பெட்டி சரியாக நடுவில் இருந்தது. அதன் இந்தப் பக்கத்தில் மூத்தவள் தலையில் அடித்து அழுதாள், அந்தப் பக்கத்தில் இளையவள் அழுதாள். இரண்டு பேரும் குனிந்து ஒரே முகத்தைத் தடவினார்கள், ஒருத்தியின் கை மற்றவளின் கையில் படவில்லை. தகப்பன் சொல்லிக் கொடுத்த பாடத்தை இவ்வளவு நன்றாகப் படித்த பிள்ளைகளை நான் என் பள்ளிக்கூடத்தில் கண்டதில்லை. அவர் கண்ணைத் திறந்து பார்த்தால் திருப்திப்பட்டிருப்பார்.

வந்த பெண்கள் எல்லாரும் தங்களுக்கு வேண்டியவளின் பக்கத்தில் போய் நின்றார்கள். நான் ஒழுங்கை வாயில் நின்றேன். எனக்கு இரண்டு பேரும் பிள்ளைகள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தேன், பிறகு பந்தலைப் பார்த்தேன். இளையவளின் பக்கத்தில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். நான் போய் அங்கே நின்றேன்.